60 ஆண்டுக் குத்தகை, ஒரு மாத அவகாசம்



2020ஆம் ஆண்டு பிறந்த சமயத்தில் நிதி ஆயோக் ஓர் ஆவணத்தை வெளியிட்டது. மாவட்ட மருத்துவமனைகளைத் தனியார் மருத்துவக் கல்லூரிகளோடு இணைப்பதற்கான மாதிரி ஒப்பந்தம் அது. ஏறத்தாழ 250 பக்கம். அதன் சாரம் இதுதான்: மருத்துவக் கல்லூரி தொடங்க முன்வரும் தனியார் நிறுவனம் அந்த மாவட்டத்தின் அரசு மருத்துவமனையையும் சேர்த்துப் பொறுப்பெடுத்துக்கொள்ளும், அதை விரிவாக்கி 60 ஆண்டுகள் நடத்தும். ஆண்டுக்கு 150 எம்.பி.பி.எஸ். மாணவர்கள், குறைந்தது 750 படுக்கைகள் என்பது கணக்கு. படுக்கைகளில் ஏறத்தாழப் பாதியில் நோயாளிகளிடம் சந்தை விலையை வாங்கலாம். மீதிப் பாதி கட்டணம் கட்டுப்படுத்தப்பட்ட படுக்கைகள். இத்தனை பெரிய மாற்றத்துக்குக் கருத்துச் சொல்லவும் கலந்து பேசவும் அந்த ஜனவரி மாதமே அவகாசமாக இருந்தது. பிப்ரவரி 1ஆம் தேதி நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனின் வரவுசெலவுத் திட்ட உரையிலேயே யோசனை அறிவிப்பாகிவிட்டது. மருத்துவமனையின் வசதிகளை முழுமையாகக் கல்லூரிக்கு விட்டுக்கொடுத்து, நிலத்தையும் சலுகையில் தர விரும்பும் மாநிலங்களுக்கு ஒன்றிய அரசு மானியம் தரும் என்றார் அவர். ஆவணத்துக்கும் அறிவிப்புக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு மாதம். 60 ஆண்டு கட்டிப்போடும் முடிவுக்கு ஒரு மாதம் போதாது என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்கும் வாதம்.

தமிழ்நாடு அந்த வழியில் போகவில்லை. ஆனால் யோசனை மறைந்துவிடவுமில்லை. 2020 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை மானியத் திட்டத்தைத் திருத்தி, மருத்துவத்துக்கும் கல்விக்கும் அதில் தனிப் பிரிவு ஏற்படுத்தியது. 2025இல் பக்கத்து ஆந்திரத்தில், அரசு கட்டத் தொடங்கிய 10 மருத்துவக் கல்லூரிகளைத் தனியார் பங்கேற்பில் நடத்த அமைச்சரவை முடிவெடுத்து, அது பெரிய அரசியல் போராட்டமாகவே மாறியது. நிதி நெருக்கடியில் இருக்கும் எந்த மாநில அரசின் மேசைக்கும் இந்தக் கோப்பு நாளை வரலாம். வரும்போது அவசரமாகத்தான் வரும். எனவே இப்போதே பேசி வைப்பது நல்லது.

நம் தூத்துக்குடி மாவட்டத்தில் இது யாரைத் தொடும் என்று முதலில் பார்த்துவிடுவோம். 1986இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்துக்கு 2000இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. தூத்துக்குடியின் பெரிய ஆஸ்பத்திரி கல்லூரி மருத்துவமனையாக மாறியது. மாவட்டத் தலைமை மருத்துவமனை என்ற பொறுப்பு கோவில்பட்டிக்குப் போனது. நிதி ஆயோக்கின் மாதிரி ஒப்பந்தம் குறிவைக்கும் வகை மருத்துவமனை அது. அங்கே யார் வருகிறார்கள்? தீப்பெட்டி ஆலைகளில் வேலை செய்யும் பெண்கள், விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் விவசாயிகள், வேம்பார், சிப்பிகுளம் கடற்கரையின் மீனவர்கள். தெற்கே வந்தால் உப்பளத் தொழிலாளர்கள், சங்கு குளிப்பவர்கள், உடன்குடிப் பக்கத்துப் பனையேறிகள், துறைமுகத்தில் தினக்கூலிக்குச் சுமை தூக்குவோர். இவர்களில் பெரும்பாலோர்க்கு நிலையான முதலாளி கிடையாது. முதலாளி இல்லாததால் ஈ.எஸ்.ஐ. கிடையாது. பனையிலிருந்து விழுந்த முதுகெலும்பு, பாம்புக்கடி, பூச்சிமருந்து, வெப்பத்தில் கெடும் சிறுநீரகம் என்று இவர்களுக்கு வரும் நோய்கள் திடீரென்று வருபவை அல்லது நெடுநாள் நீடிப்பவை. இரண்டிலும் எந்த மருத்துவமனைக்கும் லாபம் இல்லை.

வேகம் என்பதையே நான் எதிர்க்கவில்லை. மருத்துவத்தில் வேகம் உயிர் காக்கும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் பதிவாகி, 1995 தொடக்கத்திலேயே மருந்து கொள்முதலில் இறங்கிவிட்டது. பின்னர் பல மாநிலங்கள் அதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்தன. 2021 ஆகஸ்டில், வீடு தேடிச் சென்று மருந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாச் சிகிச்சை தரும் திட்டம் வந்தது. இவையும் வேகமாக வந்தவைதாம். ஆனால் இவை தோற்றிருந்தால்? ஓர் அரசாணையில் திருத்தியிருக்கலாம், அடுத்த ஆண்டு நிறுத்தியிருக்கலாம். மருத்துவமனை அதே இடத்தில், அதே மக்களின் உடைமையாக இருந்திருக்கும். திரும்பிவர வழியுள்ள முடிவை வேகமாக எடுப்பதில் தவறில்லை. நிலத்தையும் கட்டடத்தையும் அதிகாரத்தையும் இரண்டு தலைமுறைக்குக் கைமாற்றும் முடிவில் திரும்பிவரும் வழி நீதிமன்றத்தின் ஊடாகத்தான் போகும். இழப்பீடு கொடுக்காமல் அரசுகூட வெளியே வர முடியாது.

60 ஆண்டு எவ்வளவு நீளமானது என்பதைத் தூத்துக்குடியை வைத்தே அளந்துகொள்ளலாம். அந்த ஆவணம் வந்த 2020இலிருந்து 60 ஆண்டு பின்னோக்கிப் போனால் 1960. அன்று இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடந்துகொண்டிருந்தது. கடைசிச் சலாபம், அதாவது முத்துக்குளிப்புப் பருவம், 1961இல்தான். துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட இன்னும் 14 ஆண்டு இருந்தது. தூத்துக்குடி மாவட்டம் என்பதே கிடையாது. ஸ்கேன் கருவி கிடையாது, எச்.ஐ.வி. என்ற பெயரையே யாரும் கேட்டதில்லை, டயாலிசிஸ் சாதாரண மருத்துவமனைக்கு எட்டாதது. அன்று எழுதிய ஒப்பந்தம் ஒன்று 2020 வரை இந்த ஊர் மருத்துவமனையை ஆண்டிருந்தால், எந்தச் சிகிச்சை எந்தப் படுக்கையில், என்ன விலையில் என்று யார் சொல்லியிருக்க முடியும்? ஒப்பந்தத்தில் எழுதாத ஒவ்வொன்றும் பேரத்துக்குரியதாகிவிடும். அந்தப் பேரத்தில் கட்டடத்தைக் கையில் வைத்திருப்பவருக்குத்தான் பலம்.

நீண்ட குத்தகை எப்படி முடியும் என்பதற்கு மன்னார் வளைகுடாவிலேயே ஒரு பாடம் உண்டு. முத்துச் சலாபம் நடத்துவதில் பழைய அரசுகள் கடைப்பிடித்த முறை ஒன்றிருந்தது. முதலில் பார்களை, அதாவது கடலடியில் முத்துச்சிப்பி விளையும் படுகைகளை, சோதிப்பார்கள். குளிப்பவர்களை இறக்கி மாதிரிச் சிப்பிகளை எடுத்து, முத்தை மதிப்பிட்டு, விளைந்திருந்தால் மட்டுமே சலாபம் அறிவிப்பார்கள். விளையவில்லையென்றால் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார்கள். 1905இல் இலங்கைப் பக்கத்தில் என்றும் காணாத அளவுக்கு வருமானம் வந்தது. அந்த மயக்கத்தில் 1906இல் இலங்கைக் குடியேற்ற அரசு தன் முத்துப் பார்களை ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்துக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. ஆண்டுக் குத்தகை 3,10,000 ரூபாய். 1907க்குப் பிறகு பார்கள் வெறுமையாகிவிட்டன. குத்தகைக் காலத்தில் பாதியைக்கூடத் தாண்டாமல் நிறுவனம் கலைக்கப்பட்டது. கடலியல் அறிஞர்களைக் கூட வைத்துக்கொண்டு, நல்ல ஆண்டுகளின் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு போட்ட ஒப்பந்தம் அது. முத்து விளையாவிட்டால் பங்குதாரருக்கு நட்டம், அவ்வளவுதான். ஒரு மாவட்டத்துக்கு இருக்கும் ஒரே பெரிய மருத்துவமனையை நடத்தும் நிறுவனம் பத்தாம் ஆண்டில் கைவிரித்தால், அன்றிரவு பிரசவ வலியோடு வருகிற பெண்ணுக்கு யார் பதில் சொல்வது?

இந்தத் திட்டத்தின் ஆதரவாளர்கள் சொல்லும் முதல் சமாதானம், பாதிப் படுக்கை ஏழைகளுக்கு இருக்கிறதே என்பது. சந்தை விலைப் படுக்கையின் வருமானம் மீதிப் படுக்கையைத் தாங்கும் என்கிறார்கள். தாளில் இது நன்றாகவே இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆகும் என்பதற்கு டெல்லி உயர் நீதிமன்றத்தின் 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் படிக்க வேண்டும். டெல்லி அரசு 15 ஏக்கர் நிலத்தைப் பெயரளவு வாடகையான ஒரு ரூபாய்க்குக் கொடுத்து, தானும் 26 விழுக்காடு பங்கு வைத்து உருவான மருத்துவமனை இந்திரப்பிரஸ்தா அப்பல்லோ. உள்நோயாளிப் படுக்கையில் மூன்றில் ஒரு பங்கும், வெளிநோயாளிச் சிகிச்சையில் 40 விழுக்காடும் ஏழைகளுக்கு இலவசம் என்பது நிபந்தனை. அது நிறைவேறவில்லை என்று 1997இல் பொதுநல வழக்கு வந்தது. படுக்கையும் ஆலோசனையும் இலவசம்தான், மருந்தும் பிற பொருள்களும் அதில் சேராது என்பது நிருவாகத்தின் நிலைப்பாடு. மருந்தும் பொருளும் சேர்த்தே இலவசம் என்று நீதிமன்றம் சொல்லி முடிக்க 12 ஆண்டு ஆனது. இத்தனைக்கும் அது நாட்டின் தலைநகர், வழக்கறிஞர் அமைப்பே வழக்குத் தொடுத்தது, அரசே பங்குதாரர். இந்த மூன்றும் இல்லாத கோவில்பட்டியில் ஓர் உப்பளத் தொழிலாளி எந்த நீதிமன்றத்தில் எந்தப் படுக்கைக்காக 12 ஆண்டு நிற்பார்? இன்னொரு கணக்கும் உண்டு. 750 படுக்கையில் பாதி என்றால் 375. தீப்பெட்டியையும் உப்பையும் மானாவாரி நிலத்தையும் நம்பி வாழும் வட்டாரத்தில், நாள்தோறும் சந்தை விலை கொடுக்கும் 375 பேர் எங்கிருந்து வருவார்கள்? வரவில்லையென்றால் நட்டத்தை ஈடுகட்ட நிறுவனம் கை வைக்கக்கூடியது மீதிப் பாதியின் ஆள்பலத்திலும் மருந்திலும்தான்.

படுக்கைக் கணக்குக்குள் வராத வேலைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். அரசு மருத்துவமனை சிகிச்சை மட்டும் தருவதில்லை. பிரேதப் பரிசோதனை செய்கிறது. காயச் சான்று தருகிறது. பாலியல் வன்முறைக்கு ஆளானவரைப் பரிசோதித்து அறிக்கை தருகிறது. மாற்றுத்திறன் சான்று, வயதுச் சான்று தருகிறது. இவற்றுக்கு விலைப்பட்டியல் போட முடியாது. போடவும் கூடாது. 2018 மே 22, 23 தேதிகளில் இந்த நகரில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தி 13 பேர் உயிரிழந்தபோது, குண்டடி பட்டவர்களை மக்கள் தூக்கிக்கொண்டு ஓடியது தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. யார் பணம் கட்டுவார் என்ற கேள்வி வாசலில் எழவில்லை. அந்த உடல்களைப் பற்றி எழுதப்பட்ட மருத்துவக் குறிப்புகள்தாம் பின்னர் விசாரணை ஆணையத்திலும் நீதிமன்றத்திலும் சாட்சியமாயின.

அரசு மருத்துவமனை என்பதாலேயே எல்லாம் நேர்மையாக நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் தாக்கப்பட்டு, கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டு, அடுத்தடுத்து உயிரிழந்தார்கள். சிறைக்கு அனுப்பும் முன் அரசு மருத்துவமனையில் தரப்பட்ட உடல்தகுதிச் சான்று பற்றி நாடே கேள்வி கேட்டது. கேட்க வேண்டிய கேள்விதான். அதைக் கேட்க முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு: சான்று தந்தவர் அரசு ஊழியர், பதிவேடு அரசுப் பதிவேடு. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிக்கவும், நீதித்துறை நடுவர் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் அந்தப் பொறுப்பு வழிவகுக்கிறது. 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் பொது அதிகார அமைப்புகளைத்தான் கட்டுப்படுத்துகிறது. ஒப்பந்தத்தில் மருத்துவமனை நடத்தும் நிறுவனம் அந்த வரையறைக்குள் வருமா என்பதே தனி வழக்காகும். உள்ளூர்க் காவல்துறையின் தயவும் உள்ளூர்த் தொழில்களின் தயவும் தேவைப்படும் ஒரு நிறுவனத்தின் சம்பளக்காரர் எழுதும் காயச் சான்றை, காயம்பட்டவர் எப்படி நம்புவார்? 250 பக்க ஆவணத்தை ஒரு மாதத்தில் ஏற்கச் சொன்னால், இத்தகைய கேள்விகளை யாரும் எழுப்பக்கூட நேரம் இருக்காது. அவசரத்தின் உண்மையான விலை அதுதான்.

இனி வலுவான மறுப்புகளுக்கு வருகிறேன். மருத்துவர் பற்றாக்குறை உண்மை. காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் உயிர்கள் போகின்றன. புதிய கல்லூரிகளுக்கு வேறு வழி என்ன என்று கேட்கிறார்கள். வேறு வழி அப்போதே நடைமுறையில் இருந்தது. மாவட்ட மருத்துவமனைகளை அரசு மருத்துவக் கல்லூரிகளாக உயர்த்த ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கில் ஒரு திட்டம் ஏற்கெனவே நடந்துவந்தது. அதன் உதவியோடுதான் விருதுநகர், இராமநாதபுரம், திண்டுக்கல், நாகப்பட்டினம், நீலகிரி உட்பட 11 மாவட்டங்களில் புதிய அரசுக் கல்லூரிகள் 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் திறக்கப்பட்டன. மொத்தச் செலவு ஏறத்தாழ 4,000 கோடி ரூபாய், 1,450 எம்.பி.பி.எஸ். இடங்கள். நம் மாவட்டத்தை ஒட்டிய விருதுநகரிலும் இராமநாதபுரத்திலும் அவை இன்று இயங்குகின்றன. ஆவணம் வந்து இரண்டே ஆண்டில், மருத்துவமனையை யாருக்கும் கொடுக்காமல், அந்த ஆவணம் விரும்பிய பலன் கிடைத்துவிட்டது. இடையில் பெருந்தொற்று வேறு. வேகத்தை விரும்புவோரும் இதைத்தான் எடுத்துக்காட்ட வேண்டும். மேலும், அரசுக் கல்லூரியில் படிப்பவரின் கல்விக் கட்டணம் ஆயிரங்களில் இருக்கிறது, தனியார் கல்லூரியில் லட்சங்களில் இருக்கிறது. லட்சங்களைக் கடனாக வாங்கிப் படித்தவரை ஓட்டப்பிடாரத்தின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்காரச் சொன்னால் எத்தனை ஆண்டு உட்காருவார்?

அரசிடம் பணம் இல்லை என்பது அடுத்த மறுப்பு. 2020 நவம்பரில் திருத்திய அந்த மானியத் திட்டத்தைப் பாருங்கள். சோதனை முயற்சியாக வரும் மருத்துவ, கல்வித் திட்டங்களுக்கு ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து முதலீட்டில் 80 விழுக்காடு வரையும், முதல் ஐந்தாண்டு நடத்தும் செலவில் 50 விழுக்காடு வரையும் தரலாம். முதலீட்டில் ஐந்தில் நான்கு பங்கை மக்களே போடும் இடத்தில், பணம் இல்லை என்ற காரணம் நிற்காது. மீதி ஒரு பங்குக்காக 60 ஆண்டு அதிகாரத்தை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதற்கு அந்த ஆவணத்தின் ஆதரவாளர்கள் தெளிவான விடை தர வேண்டும்.

அரசு ஆஸ்பத்திரியின் நிலையைப் பார்த்தீர்களா என்பதுதான் மக்கள் மனத்தைத் தொடும் மறுப்பு. வரிசை நீளம், கழிப்பறை மோசம், மருத்துவர் நேரத்துக்கு வருவதில்லை, ஸ்கேனுக்கு நாள் குறித்துக் காத்திருக்க வேண்டும். இந்தக் கோபம் நியாயமானது. இந்தக் கோபம் இல்லையென்றால் எந்தச் சீர்திருத்தமும் வராது. ஆனாலும் இதே அமைப்புதான் 2018-20 காலத்தில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 54 தாய் இறப்பு என்ற நிலைக்குத் தமிழ்நாட்டைக் கொண்டுவந்தது. அப்போது நாட்டின் சராசரி 97. பொது சுகாதாரத்துக்கென்று தனி இயக்ககம் 1920களிலிருந்தும், தனிச் சட்டம் 1939இலிருந்தும் இங்கே இருப்பதன் பலன் இது. ஒரே மாதத்தில் வந்ததல்ல. கழிப்பறைக்கும் ஆள்பற்றாக்குறைக்கும் தீர்வு காலிப் பணியிடங்களை நிரப்புவதில் இருக்கிறது. அதற்கு உடைமையை மாற்ற வேண்டிய தேவையில்லை. காப்பீடு இருக்கிறதே, எந்த மருத்துவமனைக்கும் போகலாமே என்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2009இலும் 2012இலும் வந்த மாநிலக் காப்பீட்டுத் திட்டங்கள் பலரின் உயிரைக் காத்தன, மறுக்கவில்லை. ஆனால் காப்பீடு உள்நோயாளியாகச் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கே பெரும்பாலும் உதவும். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் வாங்கும் மாத்திரை வெளிநோயாளிப் பிரிவின் சன்னலில்தான் கிடைக்கிறது.

மருத்துவமனைகள் அரசமைப்பின்படி மாநிலப் பட்டியலில் உள்ளவை, விருப்பமில்லாத மாநிலம் மறுத்துவிடலாமே என்பார்கள். சட்டப்படி சரி. ஆனால் நிதியைக் காட்டி நிபந்தனை விதிக்கும்போது, கடனில் இருக்கும் அரசுக்கு அந்த விருப்பம் சுருங்கிவிடுகிறது. அவசரம் பணக்கார நாட்டையும் விட்டுவைப்பதில்லை. பிரிட்டனில் 2010 மே மாதம் பதவியேற்ற அரசு, தேசிய மருத்துவ சேவையை மேலிருந்து மாற்றியமைப்பதை நிறுத்துவோம் என்று சொல்லிவிட்டு, அதே ஆண்டு ஜூலையில் மிகப் பெரிய மாற்றத்துக்கான வெள்ளை அறிக்கையை வெளியிட்டது. எதிர்ப்பு பெருகி, 2011இல் நடுவழியில் நிறுத்தி மக்கள் கருத்தைக் கேட்க வேண்டிவந்தது. 2012இல் சட்டமானது. 2022இல் வேறொரு சட்டம் கொண்டுவந்து அதன் முக்கியமான பகுதிகளைத் தாங்களே நீக்கினார்கள். அங்கே நீக்க முடிந்தது, ஏனென்றால் மாற்றம் ஒரு நாடாளுமன்றச் சட்டமாக இருந்தது. நாம் பேசுவது தனியாரோடு கையெழுத்திடும் ஒப்பந்தத்தை. அடுத்த தேர்தலில் மக்கள் எந்த ஆட்சியைத் தேர்ந்தாலும் அந்தக் கையெழுத்து மாறாது.

தூத்துக்குடி மக்களுக்கு நன்கு பழகிய ஒரு நடைமுறையிலிருந்து என் கோரிக்கையை எடுக்கிறேன். இந்தக் கடற்கரையில் ஒரு பெரிய தொழிற்சாலையோ அனல்மின் நிலையமோ அமைக்க வேண்டுமென்றால், 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு. அறிக்கையின் சுருக்கம் தமிழில். மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை. பேசியவை அனைத்தும் பதிவாக வேண்டும். அந்தக் கூட்டங்கள் எல்லாம் முறையாக நடக்கின்றன என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் கேட்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. புகைபோக்கி ஒன்றைக் கட்டுவதற்கு உள்ள இந்தக் குறைந்தபட்சக் கடமை, மாவட்டத்தின் மருத்துவமனையைக் கைமாற்றுவதற்கு இல்லை. அந்தக் கடமையை மாநிலச் சட்டத்தில் எழுத வேண்டும். எந்த அரசு மருத்துவமனையின் நிருவாகத்தையும் ஐந்தாண்டுக்கு மேல் வேறு கைக்கு மாற்றும் யோசனை வந்தால், முழு ஒப்பந்தமும் தமிழில் வெளியாக வேண்டும். ஆறு மாத அவகாசம் வேண்டும். முதலில் ஒரே இடத்தில் சோதித்து, அதன் கணக்கைத் தலைமைத் தணிக்கையர் பார்க்க வேண்டும். அந்தந்த வட்டத்தில் கூட்டம் நடக்க வேண்டும். கோவில்பட்டியைப் பற்றிய யோசனை என்றால் விளாத்திகுளத்திலும் வேம்பாரிலும் கூட்டம் வேண்டும். அதுவும் கடலுக்குப் போகாத நாளில், உப்பளத்தில் வேலை முடிந்த நேரத்தில். அங்கே பதிவாகும் பேச்சு முழுதும் சட்டமன்றத்தின் மேசையில் வைக்கப்பட்டு, உறுப்பினர்கள் பெயர் சொல்லி வாக்களித்த பிறகுதான் எந்த அதிகாரியும் கையெழுத்திட வேண்டும். இதற்கான சட்டமுன்வரைவைக் கேட்டு நம் தொகுதிகளின் உறுப்பினர்களுக்கு எழுதுங்கள். அவர்கள் அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்திலேயே இதை எழுப்பலாம்.